மேரி பிரையன்ட்: கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியின் வரலாறு

"சார், நீங்க ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் ஆளு, மலருக்கு ஏதாவது வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றையே எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாகத் தெரிந்த மூத்தவர்கள் இருவர் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சரி, நமக்குப் பிழைத்தது என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் கதையை எழுதுகிறேன். ஏன் இவளுடைய கதை என்பதற்கு மட்டும் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பழைய நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகள் தாண்டிப் போய்விட வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஐரோப்பிய வரலாறு எடுத்த பேராசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆவணத்தைப் பற்றிப் பேசினாலும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதை யாருப்பா எழுதினது?" என்பார். பதில் வந்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "சரி, எழுதத் தெரியாதவன் கதையை யாருப்பா எழுதினது?" இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. கேன்டீனில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டுவோம். நானும் பேசிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கல்லூரியில் சேர்ந்த அன்று என் விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என் அம்மா வைத்தது கைநாட்டு. அந்த மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "நல்லாப் படி" என்றாள். எங்கள் செட்டில் இப்படி வந்தவர்கள் பாதிப் பேராவது இருப்போம்.

படித்து முடித்துப் பல வருடங்கள் கழித்து மேரி பிரையன்ட்டைப் பற்றிப் படித்தேன். அவளும் கைநாட்டுதான். வெள்ளைக்காரர் வழக்கப்படி பெருவிரலுக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற கடற்கரை மாவட்டம். அதில் ஒரு சிறு துறைமுகம் ஃபாய். (ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நான் பல நாள் 'ஃபோவே' என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன்.) அங்கே கடலோடிக் குடும்பத்தில் பிறந்த மேரி பிராடுக்கு 1765 மே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். இருபது வயதில் அவள் பிளிமத் நகரத்தில் இருந்தாள். 1786 ஜனவரியில் வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து, வழியில் போன ஒரு பெண்மணியை மறித்து, அவள் பட்டுத் தொப்பியையும் மற்றப் பொருள்களையும் பிடுங்கிக்கொண்டாள். எல்லாம் சேர்த்து 11 பவுன் 11 ஷில்லிங் மதிப்பு என்று வழக்குப் போட்டார்கள். இவளைப் பற்றி எழுதுகிற சிலர், பாவம், பசியில் ஒரு தொப்பியை எடுத்தாள் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியைத் தாக்கிப் பறித்தார்கள். அதற்காக அந்தக் காலத்துச் சட்டம் கொடுத்த தண்டனையை நியாயம் என்று சொல்ல வரவில்லை. 1786 மார்ச்சில் எக்ஸீட்டர் நகரத்தில் கூடிய நீதிமன்றம் மூவருக்கும் தூக்கு விதித்தது. பிறகு தூக்கு குறைக்கப்பட்டு, ஏழு வருடம் கடல் கடந்த நாட்டுக்கு அனுப்பும் தண்டனையாக மாறியது.

நம் பெரியவர்கள் இதைத் 'தீவாந்தர சிட்சை' என்பார்கள். நமக்கும் இது தெரியாத சங்கதி அல்ல. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியது இதே ஆங்கிலேய ஏற்பாடுதான். முன்பெல்லாம் தங்கள் நாட்டுக் கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1776-ல் அமெரிக்கா விடுதலையை அறிவித்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. ஓட்டத்துக்கு உதவாத பழைய கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். மேரியை அடைத்தது டன்கர்க் என்ற அப்படியொரு சிறைக்கப்பலில். அங்கே இருந்தபோதே அவள் கர்ப்பமானாள். குழந்தையின் அப்பா யார் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை.

1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. அதுவரை எந்த ஐரோப்பியனும் குடியேறாத மண் அது. பல்லாயிரம் வருடங்களாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவும் இல்லை. கைதிகள் சுமார் 750 பேர். அதில் பெண்கள் இருநூறுக்கும் குறைவு. மேரி ஏற்றப்பட்ட கப்பலின் பெயர் சார்லட். ரியோ டி ஜெனிரோவை விட்டுக் கிளம்பிய சில நாட்களில், நடுக்கடலில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே குழந்தைக்கும் வைத்தாள். எட்டு மாதத்துக்கு மேல் பயணம். 1788 ஜனவரியில் கரை சேர்ந்தார்கள்.

பெண்களைக் கரையில் இறக்கிய நான்காவது நாளே, பிப்ரவரி 10-ம் தேதி, பாதிரியார் சில ஜோடிகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். அதில் மேரியும் ஒருத்தி. மாப்பிள்ளை வில்லியம் பிரையன்ட், அவனும் கார்ன்வால்காரன், மீனவன், 1784-ல் ஏழு வருடத் தண்டனை பெற்றவன், அதே டன்கர்க் கப்பலில் இருந்தவன். பதிவேட்டில் அவன் கையெழுத்துப் போட்டான். மேரி பெருக்கல் குறி போட்டாள்.

கடல் தெரிந்தவன் என்பதால் வில்லியமை மீன்பிடிப் படகுகளுக்குப் பொறுப்பாக்கினார்கள். தனியாக ஒரு குடிசையும் கிடைத்தது. ஒரு வருடம் ஓடியது. பிடித்த மீனில் கொஞ்சத்தை ஒதுக்கித் தனியாக விற்றான் என்று 1789 பிப்ரவரியில் பிடிபட்டான். நூறு கசையடி, குடிசையும் போயிற்று. ஆனால் படகு வேலையை விட்டு நீக்கவில்லை. வேறு யாருக்கும் அந்த அளவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது!

அந்தக் குடியேற்றத்தில் அப்போது பசிதான் பெரிய அதிகாரி. கொண்டுவந்த தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. விதைத்தது சரியாக விளையவில்லை. 1790 மார்ச்சில் சிரியஸ் என்ற பெரிய கப்பல் நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. ரேஷனை மேலும் மேலும் குறைத்தார்கள். கவர்னர் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டால்கூட அவரவர் ரொட்டியை அவரவரே கையில் கொண்டுபோக வேண்டும் என்று வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். இந்த டென்ச்சை மறக்க வேண்டாம், பின்னால் மறுபடி வருவார். டீத்தூள் ரேஷனில் கிடையாது. காட்டில் படர்ந்திருந்த ஒரு கொடியின் இனிப்பான இலையைக் கொதிக்கவைத்து டீ என்று குடித்தார்கள். ஸ்கர்வி என்ற ஈறு நோய்க்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார். ஆங்கிலேயர் அதைச் சார்சபரில்லா என்றார்கள். நம் ஊர் நன்னாரியையும் இதே பெயரில்தான் அழைத்தார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள்.

இந்தப் பஞ்சத்தின் நடுவில், 1790-ல் மேரிக்கு மகன் பிறந்தான். பெயர் இமானுவேல்.

வில்லியமின் தண்டனை 1791 மார்ச்சில் முடிகிறது. மேரிக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்ற காகிதங்களைக் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள். 'எனக்குத் தண்டனை முடிந்துவிட்டது' என்று ஒரு கைதி சொன்னால் அதைச் சரிபார்க்கக் கவர்னரிடம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்திலிருந்து காகிதம் வரும்வரை உழைத்துக்கொண்டிரு என்பதுதான் பதில். ஒரு குமாஸ்தாவின் மறதியில் மனிதர்கள் வருடக்கணக்கில் கிடந்தார்கள்.

1790 டிசம்பரில் பட்டேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) தானியம் ஏற்றிக்கொண்டு ஒரு டச்சுக் கப்பல் வந்தது. அதன் கேப்டனிடம் வில்லியம் ரகசியமாகப் பேசி ஒரு திசைகாட்டி, சூரியன் நிலையை அளக்கும் கருவி, கடல் வரைபடம் மூன்றையும் வாங்கிவிட்டான். மாவும் அரிசியும் சேர்த்துவைத்தான். 1791 மார்ச் கடைசியில் டச்சுக் கப்பல் கிளம்பிப் போனது. அரசாங்கத்தின் சொந்தக் கப்பலோ நார்ஃபோக் தீவுக்குப் போயிருந்தது. துரத்திப் பிடிக்கத் துறைமுகத்தில் ஒரு கப்பலும் இல்லாத ராத்திரி, மார்ச் 28. கவர்னரின் ஆறு துடுப்புப் படகில் பதினோரு பேர் ஏறினார்கள்: வில்லியம், மேரி, மூன்றரை வயது சார்லட், ஒரு வயது இமானுவேல், இன்னும் ஏழு ஆண்கள். அந்த ஏழு பேரில் ஜேம்ஸ் காக்ஸ் என்பவன், தன்னோடு வாழ்ந்த பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடிசையில் வைத்துவிட்டுப் போனான். அதில் அவளுக்கு நல்லொழுக்கம் பற்றி உபதேசம் வேறு!

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் செய்த கல்யாணம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று வில்லியம் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் குடியேற்றத்தின் நீதி அதிகாரி காலின்ஸ் எழுதியிருக்கிறார். மேரிக்கு இது தெரிந்திருக்குமா? ஒரு சிறிய குடியேற்றத்தில் இந்த மாதிரிப் பேச்சு மனைவி காதுக்குப் போகாமல் இருக்காது என்பது என் எண்ணம். எப்படியோ, அவள் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு படகில் ஏறினாள். அவன் போய்விட்டால் அங்கே அவள் நிலை என்ன என்று யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய ஆச்சரியம் இல்லை.

அவர்கள் போக நினைத்த இடம் டச்சுக்காரர்களின் கையில் இருந்த திமோர் தீவின் கூபாங் துறைமுகம். அதற்கு இரண்டு வருடம் முன்பு பௌன்டி கப்பலில் கலகம் செய்தவர்கள் கேப்டன் பிளையை ஒரு படகில் இறக்கிவிட, அவர் திறந்த கடலில் ஓட்டிக்கொண்டு இதே கூபாங்கில்தான் கரை சேர்ந்தார். பிளை தேர்ந்த கடற்படை அதிகாரி. இவர்களோ தப்பியோடிய கைதிகள், கையில் கைக்குழந்தை.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டியே வடக்கே போனார்கள். படகு ஒழுகியது, பிசின் கிடைக்காதபோது சோப்பைத் தேய்த்து விரிசலை அடைத்தார்கள். புயலில் அலை உள்ளே வந்துகொண்டே இருக்க, ராத்திரி பகலாக இறைத்துக் கொட்டினார்கள். பல நாள் கரையை நெருங்கவே முடியவில்லை. நெருங்கிய சில இடங்களில் அந்த மண்ணின் மக்கள் எதிர்த்தார்கள். (அவர்கள் பார்வையிலிருந்து பார்த்தால், அழைக்காத விருந்தாளி துப்பாக்கியோடு வருகிறான்.) பவளத்திட்டுகளின் நடுவே ஒரு தீவில் ஆமைகள் கிடைத்தன. இறைச்சியை உலர்த்தி எடுத்துக்கொண்டார்கள். வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் பெரிய தோணிகள் துரத்த, கரையை விட்டுவிட்டு நேராகத் திறந்த கடலுக்குள் படகைத் திருப்பினார்கள். 1791 ஜூன் 5-ம் தேதி கூபாங் தெரிந்தது. 69 நாள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதினோரு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் படகில் வந்த ஜேம்ஸ் மார்ட்டின் என்ற கைதி சொல்லி எழுதப்பட்ட சில தாள்களிலிருந்துதான். அந்தத் தாள்கள் கைதிகளை நாடு கடத்துவதைக் கடுமையாக எதிர்த்த தத்துவஞானி ஜெரமி பெந்தமின் காகிதக் கட்டில் கிடந்து, இப்போது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கின்றன. அதில் திசை உண்டு, காற்று உண்டு, எத்தனை ராத்தல் மாவு என்பதுகூட உண்டு. மேரி? அந்தப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் மிகவும் மோசமான நிலையில் இருந்தார்கள் என்ற அளவில்தான் வருகிறாள். 69 நாள், ஒரு வயதுப் பிள்ளையையும் மூன்றரை வயதுப் பிள்ளையையும் உப்புத்தண்ணீர் தேங்கிய படகில் எப்படி உயிரோடு வைத்திருந்தாள்? என்ன கொடுத்தாள், எங்கே தூங்கவைத்தாள்? மார்ட்டினுக்கு அது எழுத வேண்டிய சமாசாரமாகத் தோன்றவில்லை. எங்கள் பேராசிரியர் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

கூபாங்கில், கப்பல் உடைந்து தப்பி வந்தோம் என்று கதை சொன்னார்கள். டச்சு கவர்னர் நம்பிச் சோறும் துணியும் கொடுத்தார். இரண்டு மாதம் போல நன்றாகவே இருந்தார்கள். பிறகு குட்டு உடைந்தது. எப்படி உடைந்தது என்பதில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. வில்லியம் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு, அந்தக் கோபத்தில் தானே போய் எல்லாரையும் காட்டிக்கொடுத்தான் என்கிறார் மார்ட்டின். இதற்குள் பௌன்டி கலகக்காரர்களைப் பிடிக்க வந்த பண்டோரா என்ற போர்க்கப்பல் பவளத்திட்டில் உடைந்து, அதன் கேப்டன் எட்வர்ட்ஸ் மிஞ்சிய ஆட்களோடு படகுகளில் அதே கூபாங்குக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கப்பல் டாக்டர் எழுதியது வேறு கதை. உங்கள் கேப்டன் வந்துவிட்டார் என்று யாரோ சந்தோஷமாகச் சொல்ல, எங்களுக்குக் கேப்டனே கிடையாதே என்று ஒருத்தன் உளறிவிட்டானாம். இரண்டில் எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் கூட வந்தவன் சொன்னதற்கு எடை அதிகம். அந்தச் சண்டை எதற்காக என்பதை மேரி சொல்லியிருக்கலாம். அவளை யாரும் கேட்டு எழுதவில்லை.

எட்வர்ட்ஸ் இரக்கம் காட்டுகிற ஆள் இல்லை. எல்லாரையும் விலங்கு போட்டு பட்டேவியாவுக்குக் கொண்டுபோனார். அந்த ஊர் அப்போது காய்ச்சலுக்குப் பேர்போனது. 1791 டிசம்பர் 1-ல் இமானுவேல் இறந்தான். மூன்று வாரம் கழித்து, 22-ம் தேதி வில்லியம் இறந்தான். அங்கிருந்து டச்சுக் கப்பலில் தென்னாப்பிரிக்கா போகிற வழியில், கடிதம் எழுதிவைத்துவிட்டு வந்த காக்ஸ் கடலில் விழுந்து மறைந்தான். இன்னும் இருவர் நோயில் போனார்கள். கேப் டவுனில் மிஞ்சியவர்கள் நாலு ஆண்கள், மேரி, சார்லட்.

அங்கே அவர்களை கார்கன் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலுக்கு மாற்றினார்கள். அது சிட்னியிலிருந்து பழைய படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் இருந்தார் டென்ச். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் அதே சார்லட் கப்பலில்தான். ஐந்து வருடம் முன்னால் தன்னோடு வந்த பெண், இப்போது கைதியாகத் தன்னோடு திரும்புகிறாள். அவளும், கூட வந்த ஆண்களில் ஒருவனும் எப்போதும் நல்ல நடத்தை உள்ளவர்களாகவே இருந்தார்கள் என்றும், இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கமும் வியப்பும் வந்தன என்றும் அவர் தன் நூலில் எழுதினார். அதிகாரியாக இருந்துகொண்டு அப்படி எழுதியதற்கு டென்ச்சுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

கடும் வெயில். கப்பலில் படைவீரர்களின் குழந்தைகளே ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருந்தன. 1792 மே 6-ம் தேதி சார்லட்டும் இறந்தாள். கடலில் பிறந்தவளைக் கடலிலேயே விட்டார்கள். வயது ஐந்துகூட நிறையவில்லை. ரால்ஃப் கிளார்க் என்ற அதிகாரியின் டயரியில் அன்றைக்கு ஒரு வரி இருக்கிறது. அம்மாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஜூனில் இங்கிலாந்து. லண்டன் நியூகேட் சிறை. தப்பிப் போனவர்களுக்குத் தூக்குதான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். திரும்ப அந்த ஊருக்குப் போவதைவிடச் சாவதே மேல் என்று ஐவரும் சொன்னதாகச் சேதி. ஜூலையில் நீதிமன்றம், பழைய தண்டனைக் காலம் முடியும்வரை சிறையிலேயே இருக்கட்டும் என்று மட்டும் உத்தரவிட்டது. பத்திரிகைகள் இவர்கள் கதையை எழுதின. அதைப் படித்துக் கிளம்பினார் ஒரு வக்கீல். அவர் பெயரை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்: ஜேம்ஸ் பாஸ்வெல். அதற்கு முந்தின வருடம் டாக்டர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டுப் புகழின் உச்சியில் இருந்தவர். குடியும் கும்மாளமுமாக வாழ்ந்த மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஐந்து பேருக்காக உள்துறை அமைச்சர் டன்டாஸுக்கு விடாமல் எழுதினார், அலைந்தார். 1793 மே 2-ம் தேதி மேரிக்கு மன்னிப்பு வந்தது. நாலு ஆண்களும் அதே நவம்பரில் விடுதலையானார்கள். பாஸ்வெல்லுக்கும் அந்தப் பெண்ணுக்கும் காதல் என்று அவருடைய நண்பர் ஒருவர் கிண்டல் பாட்டு எழுதினார். ஒருத்தன் ஒருத்திக்கு உதவினால் அதைத் தவிர வேறு காரணம் தோன்றாத நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

லண்டனில் வேலை செய்துகொண்டிருந்த தங்கச்சி வந்து பார்த்தாள். ஊருக்குப் போவதா வேண்டாமா என்று மேரிக்குத் தயக்கம். சொந்தக்காரர்கள் எப்படி நடத்துவார்களோ என்ற பயம். வருடத்துக்கு 10 பவுன் தருகிறேன், அவர்கள் தயவில் இருக்க வேண்டியதில்லை என்று பாஸ்வெல் சொன்னார். 1793 அக்டோபரில் ஃபாய் போகும் கப்பலில் அவரே கொண்டுவிட்டார். கிளம்பும்வரை துறைமுகத்துச் சத்திரத்தின் அடுக்களையில் உட்கார்ந்து கூடப் பேசிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவர் டயரியில் இருக்கிறது. மேரியைப் பற்றி, அவள் பயந்தாள், யோசித்தாள், தயங்கினாள் என்று உள்ளே இருந்த மனுஷியைக் கொஞ்சமாவது எழுதிய முதல் ஆள் அவர்தான். அவரிடம்தான் அவள் பேசியிருக்கிறாள்.

அடுத்த வருடம் பணம் வந்து சேர்ந்ததற்கான ரசீதில் மறுபடி அதே குறி. 1795 மே மாதம் பாஸ்வெல் இறந்தார். எழுதுகிற ஆள் போனதும் மேரியும் காகிதத்திலிருந்து மறைந்துவிட்டாள். இன்னொரு கல்யாணம் செய்தாளா, எத்தனை வயது வரை இருந்தாள், கல்லறை எங்கே, எதற்கும் தடயம் இல்லை.

அவளோடு விடுதலையான நால்வரில் ஒருவன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜான் புட்சர் என்ற பெயரில் விடுதலையானவன், சாவதே மேல் என்று சொன்ன அதே ஊருக்கு, சிப்பாயாகத் தானே பேர் கொடுத்துத் திரும்பிப் போனான். பாரமட்டாவில் 25 ஏக்கர் நிலமும் வாங்கினான். வரலாறு படித்தவனுக்கு இதிலெல்லாம் ஆச்சரியப்படும் உரிமை கிடையாது. ஆனாலும் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது.

1788-க்கும் 1868-க்கும் நடுவில் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர். அதில் பெண்கள் ஏறத்தாழ 25,000. மேரி தப்பி ஓடியதால் நமக்குத் தெரிகிறாள். மற்றவர்களில் பெரும்பாலோர் பெயர், குற்றம், வயது, கப்பல் என்று ஒரு பதிவேட்டு வரியோடு நிற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அவள் தன் கையாலேயே விட்டுப்போயிருக்கிறாள். லண்டனில் பாஸ்வெல்லிடம் அவள் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தாள். உள்ளே காய்ந்த இலைகள். சிட்னியில் பசி நேரத்தில் கொதிக்கவைத்துக் குடித்த அந்தக் காட்டுக் கொடியின் இலை. மார்ச் 28 ராத்திரி படகில் ஏறும்போது எடுத்துக்கொண்டது. புயல், ஒழுகிய படகு, கூபாங் கோட்டை, கை விலங்கு, பட்டேவியா, மகன், புருஷன், மகள், நியூகேட் இத்தனையையும் தாண்டி அது அவளிடம் இருந்தது. எதற்கு வைத்திருந்தாள்? குழந்தைகளுக்கு மருந்தாக எடுத்துக்கொண்டது மிஞ்சியதா, வெறும் ஞாபகத்துக்கா? பாஸ்வெல் அதைத் தூக்கி எறியாமல், அது என்ன என்று மேலே எழுதிக் காகிதங்களோடு வைத்தார். அவருடைய காகிதங்கள் பல கை மாறி, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொட்டலமும் கூடவே போயிற்று. அதிலிருந்து சில இலைகளை 1956-ல் சிட்னியின் மிட்செல் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். மேரி எந்தத் துறைமுகத்திலிருந்து தப்பினாளோ அதிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த நூலகம்.

நம் பழைய மாணவர்களில் யாராவது பிள்ளைகளைப் பார்க்கச் சிட்னிப் பக்கம் போனால் ஒரு நாள் ஒதுக்கி அந்த நூலகத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். பார்க்கக் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த சந்திப்பில் கேன்டீனில் டீ என் செலவு.